ஜான் மியூர் பாதைக்குக் குழுவாக அனுமதி வாங்க

இந்த நடைபாதை கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து மவுண்ட் விட்னி மலை வரை சுமார் 340 கிலோமீட்டர். முழு நடைக்கும் ஒரே அனுமதிச்சீட்டு போதும், ஆனால் அது கிடைப்பதுதான் பெரும்பாடு. புறப்படும் நாளுக்கு 24 வாரம் முன்பே ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் குலுக்கலுக்குப் பதிந்துவிடுங்கள். பாதையில் ஒரு குழுவுக்கு 15 பேர் வரை அனுமதி உண்டு, ஆனால் டொனஹியூ கணவாய் வழியாக யோசெமிட்டியை விட்டு வெளியேற ஒரு நாளைக்கு மொத்தமே 45 பேருக்குத்தான் இடம் என்பதால், நாலைந்து பேராகக் கேட்பதுதான் நல்லது என்பேன். குலுக்கலில் விழவில்லையா, சரி, ஒதுக்கி வைத்த 40 சதவீத இடங்களை 7 நாள் முன்பு பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் திறப்பார்கள், அந்த நிமிடமே உள்ளே இருங்கள். சீட்டைக் குழுத்தலைவரோ மாற்றுத்தலைவரோ நேரில் வந்துதான் வாங்க முடியும், அதனால் இரண்டு பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். அப்புறம், கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். பற்பசைகூட ராத்திரி அதற்குள்தான்.