டியூப் ப்ரீஆம்பில் இரைச்சலா? வால்வை உடனே மாற்றாதீர்கள்

மேஜை ஸ்பீக்கருக்கென்று மலிவான ஹைப்ரிட் டியூப் ப்ரீஆம்ப் (கண்ணாடி வால்வும் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டும் சேர்ந்து ஒலி சிக்னலைப் பெருக்கும் சிறு பெட்டி; டியூப் என்றாலும் வால்வு என்றாலும் ஒன்றுதான்) வாங்கியவர்கள், ‘உம்ம்’ என்று இரைந்தால் உடனே புது வால்வு தேடுகிறார்கள். பெரும்பாலும் அது கிரவுண்ட் லூப்தான் (இணைத்த கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி இரைச்சல் தருவது), லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள், சத்தம் நின்றால் தெரிந்துவிடும். அப்புறம் பென்சிலின் ரப்பர் முனையால் வால்வின் கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள், ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் ‘கிணிங்’ என்று பலமாகக் கேட்டால் மட்டும் அந்த வால்வை மாற்றலாம். 6ஜே1 வகை வால்வு இருந்த இடத்தில் 6ஏகே5, 5654, இஎஃப்95 வகைகள் எல்லாமே பொருந்தும், வால்வை உள்ளே சூடாக்கும் ஹீட்டரும் அதே 6.3 வோல்ட்தான். அணைத்து, ஆறவிட்டு, 7 கால்களும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துச் செருகுங்கள், வளைந்த காலோடு அழுத்தினால் அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சரி, இன்னொன்று: அடியில் தெரியும் ஆரஞ்சு வெளிச்சம் பல மாடல்களில் வெறும் எல்இடி, அதை நம்பி வால்வு நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.