விமான எதிர்ப்புப் பீரங்கித் தளங்களில் பணியாற்றிய பெண்களைத் தேடிக் கண்டறிவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான் பாதுகாப்பில் பெண்கள் ஆற்றிய பங்கை ஆராய முனைகிறவர்கள், பீரங்கியைச் சுட்டது யார் என்ற கேள்வியோடு தொடங்கினால் வெறுங்கையோடுதான் திரும்ப நேரிடும். சுடுவதற்குப் பெண்களுக்கு அனுமதி இல்லை. குறி பார்த்தது யார் என்று கேட்க வேண்டும்.

எனவே, பீரங்கித் தளம் எப்படி இயங்கியது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். எதிரி விமானத்தின் உயரத்தை ஒரு பெண் நீண்ட குழாய் போன்ற கருவியால் அளந்து சொல்வார். பிரடிக்டர் எனப்பட்ட கணிப்புக் கருவியைச் சூழ்ந்து நின்ற பெண்கள், கைச்சக்கரங்களைத் திருப்பித் திருப்பி விமானத்தைப் பார்வைக் குழாயின் நடுக்கோட்டிலேயே நிறுத்தி வைப்பார்கள். குண்டு மேலே சென்று சேர்வதற்குள் விமானம் எங்கே போயிருக்கும் என்பதைக் கருவி கணித்து, கோணத்தை மின்கம்பி வழியே பீரங்கிக்கு அனுப்பும். அங்கிருந்த ஆண்கள் பீரங்கியின் அளவுமானியில் முள்ளோடு முள்ளைப் பொருத்திக் குண்டை ஏற்றிச் சுடுவார்கள். பெண்களின் கணக்கு பிசகினால் அந்தக் குண்டு வெற்று வானில்தான் வெடிக்கும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1938-இல் இருக்கிறது. பின்னாளில் விமான எதிர்ப்புப் படையின் தலைமைத் தளபதியான ஃபிரடெரிக் பைல், பொறியாளர் கரோலின் ஹாஸ்லெட்டிடம் கருத்துக் கேட்டார். பளுவான வேலைகளைத் தவிர மற்ற அனைத்தையும் பெண்களால் செய்ய இயலும் என்று அவர் தெரிவித்தார். ஏ.டி.எஸ். என்ற மகளிர் துணைப்படையினர் ஆண்களோடு சேர்ந்து பணியாற்றிய முதல் கலப்பு அணி, 1941 ஆகஸ்டில் லண்டனின் ரிச்மண்ட் பார்க்கில் களமிறங்கியது.

பழைய புகைப்படம் ஒன்று கையில் இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியால் சீருடையை ஆராயுங்கள். இடது மார்புப் பைக்கு மேலே பீரங்கிப் படையின் கையெறிகுண்டுச் சின்னம் இருந்தால், அவர் கலப்பு அணியில் பணியாற்றியிருக்க வாய்ப்பு மிகுதி. மேல்நோக்கிய அம்பு பூட்டிய வில், விமான எதிர்ப்புப் படையின் அடையாளம்.

படைப்பிரிவின் எண் கிடைத்துவிட்டால் லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 166 என்ற வரிசையைப் பாருங்கள். உள்நாட்டுப் படைகளின் போர் நாட்குறிப்புகள் அதில் உள்ளன. பெயரோடு அடைப்புக்குறிக்குள் எம் என்ற எழுத்து இருந்தால் அது கலப்புப் படைப்பிரிவு. நாட்குறிப்பில் பெரும்பாலும் அதிகாரிகளின் பெயர்களே வரும் என்பதால், பெயர் இல்லை என்பதற்காகச் சோர்ந்துவிடாமல், குறிப்பிட்ட இரவில் அந்தத் தளம் எத்தனை முறை சுட்டது, எப்போது ராடாரைக் கொண்டு குறி வைத்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்களின் வேலைக்கு அதுவே சான்று.

தேடலில் பெரும் தடை திருமணத்துக்குப் பின் மாறிய குடும்பப் பெயர்தான். பணி ஆவணம் கன்னிப் பெயரிலேயே இருக்கக்கூடும். இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவு அட்டவணைகளில் 1912 முதல் இணையரின் குடும்பப் பெயரும் இடம்பெறுவதால், கணவரின் பெயரிலிருந்து பின்னோக்கிச் செல்லலாம்.

உயிரிழந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் தேடுங்கள். 1942 ஏப்ரலில் பிரடிக்டர் அருகே பணியில் இருந்தபோது குண்டுச் சிதறல் பட்டு இறந்த நோரா கேவனிக்கு வயது 18. அவர் விழுந்த உடனே இன்னொரு பெண் அந்த இடத்தில் நின்று வேலையைத் தொடர்ந்தார். இத்தகைய பெண்களை ‘உதவியாளர்’ என்று குறிப்பிடும் நூல்களை நான் ஏற்பதில்லை.

விமானப் படையின் மகளிர் பிரிவுக்கு வழி வேறு. விமானத் தளங்களின் செயற்பாட்டுப் பதிவேடுகள் ஏ.ஐ.ஆர். 28 வரிசையில் உள்ளன. பிகின் ஹில் தளம் 1940-இல் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது பணியில் நிலைத்து நின்ற ஜோன் மார்டிமர், எல்ஸ்பெத் ஹெண்டர்சன், ஹெலன் டர்னர் ஆகிய மூவரும் இராணுவப் பதக்கம் பெற்றார்கள். இத்தகைய விருதுகளைப் பிரிட்டன் அரசிதழான லண்டன் கெசட்டில் சரிபார்க்கலாம். ஆனால் பிரிட்டன் வான்போருக்காகப் பதக்க நாடாவில் அணியும் சிறப்புப் பட்டை விமானத்தில் பறந்தவர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது என்பதால், அந்தப் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இல்லாததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.