இணையத்தில் பழகியவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்: மதுரைக்காரர்களுக்குச் செய்முறை விளக்கம்

மாடித்தோட்டம் பற்றிய ஃபேஸ்புக் பக்கத்திலோ, போட்டித் தேர்வுக்கான டெலிகிராம் சேனலிலோ, சமையல் வீடியோவுக்குக் கீழே கமெண்ட் போடும் இடத்திலோ நான்கைந்து பேர் பழக்கமாகியிருப்பார்கள். பேசப் பேச ஒருவர் திருமங்கலம், ஒருவர் ஒத்தக்கடை, இன்னொருவர் ஊமச்சிகுளம் என்று தெரியவரும். "நம்ம ஊர்க்காரங்க மட்டும் தனியா ஒரு குரூப் போட்டா என்ன?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். போடலாம், ஒரு நிமிட வேலை. ஆறு மாதம் கழித்தும் அதில் ஆட்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டுமானால்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அவசர உதவிக்கு மட்டும்" என்று பெயர் வைத்துத் தொடங்கும் குரூப்கள் பெரும்பாலும் அவசரத்துக்கு உதவுவதில்லை. மாதக்கணக்கில் யாரும் பேசாத இடத்தில் திடீரென்று போய் உதவி கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்டாலும் பார்க்க ஆள் இருக்காது, எல்லாரும் மியூட்டில் போட்டிருப்பார்கள். தினமும் வெட்டிப்பேச்சு ஓடுகிற குரூப்பில்தான் ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்டாலும் பதில் வரும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: ஆள் சேர்ப்பது

வாட்ஸ்அப் ஒரு குரூப்பில் 1024 பேர் வரை விடும். அது நமக்கு வேண்டாம். பத்திலிருந்து இருபது பேர் போதும். அதற்கு மேல் போனால் யார் யாரென்றே தெரியாமல் போய்விடும், பாதிப் பேர் வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள்.

சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். குரூப்பில் சேர்ந்தால் அவருடைய போன் நம்பர் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். இணையத்தில் பெயர் மட்டும் தெரிந்து பழகிய அக்கா ஒருவர் தன் நம்பரைப் பத்து ஆண்களிடம் கொடுக்க விரும்பாமல் இருக்கலாம். அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

முடிந்தால் ஒரே ஏரியா ஆட்களாக இல்லாமல் பரவலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரிப்பாளையம், அண்ணா நகர் பக்கம் ஒருவர், திருப்பரங்குன்றம், திருநகர் பக்கம் ஒருவர், மேலூர் ரோட்டில் ஒருவர். ஷிஃப்ட் வேலை பார்த்து ராத்திரி முழித்திருக்கும் ஆள் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள், அவர் அருமை பிறகு தெரியும்.

படி 2: செட்டிங்

குரூப் பெயரைத் தொட்டால் குரூப் இன்ஃபோ திறக்கும். அதில் குரூப் பெர்மிஷன்ஸ் என்று இருக்கும். "அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்" என்பதை ஆன் செய்யுங்கள். அப்போதுதான் அட்மின் ஒப்புக்கொள்ளாமல் யாரும் உள்ளே வர முடியாது. குரூப் லிங்கைப் பொது இடத்தில் போடவே கூடாது.

இன்னொருவரை இரண்டாவது அட்மினாக்கி விடுங்கள். நீங்கள் போனைத் தொலைத்துவிட்டால் குரூப் அநாதையாகாது.

அப்புறம், எல்லாரையும் அவரவர் போனில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று போனால் இருக்கும். ஆறு இலக்க பின் கேட்கும். ஏன் என்பது பணத்தைப் பற்றிய படியில் வருகிறது.

படி 3: விதி

மூன்றுக்கு மேல் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். குரூப் டிஸ்க்ரிப்ஷனில் இப்படிப் போட்டாலே போதும்: ஃபார்வர்டு வேண்டாம், கட்சி, சாதி, மதச் சண்டை வேண்டாம், இங்கே பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்ப வேண்டாம்.

ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படங்களுக்கும் தடை போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவேன். வணக்கம் சொல்லத் தோன்றினால் கையால் டைப் பண்ணிச் சொல்லட்டும், பதிலும் வரும். வேலைக்குப் போகிறவர்கள் மியூட் போட்டுக்கொண்டால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டு மணி நேர மியூட் என்றே ஒரு வசதி அதில் இருக்கிறது.

படி 4: பேச்சை ஓட விடுவது

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் இரண்டு பேர் கட்டைவிரல் போடுவார்கள், அதோடு முடிந்தது. சின்னதாக, பதில் சொல்ல எளிதாக, ஊரைச் சார்ந்ததாகக் கேளுங்கள்.

"மாட்டுத்தாவணில இன்னைக்கு மல்லி கிலோ என்ன போகுதுண்ணே?"

முகூர்த்த நாள் நெருங்கினால் விலை ஏறும், மார்கழிக் குளிரில் வரத்து குறைந்து இன்னும் ஏறும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பெருமைதான், ஆனால் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவருக்கு விலைதான் கவலை. இந்த ஒரு கேள்விக்குப் பூ விற்கிறவர், வாங்குகிறவர், தலையில் வைக்கிறவர் என மூன்று பக்கத்திலிருந்தும் பதில் வரும். அதே மாதிரிதான் "எங்க ஏரியால கரண்ட் இல்ல, உங்க பக்கம்?", "வைகையில தண்ணி வருதா?", "கீழவாசல்ல பாதுஷா நல்லா இருக்கிற கடை எது?" எல்லாம். சித்திரைத் திருவிழா நேரத்தில் நீங்கள் கிளப்பவே வேண்டாம். அழகர் எந்த மண்டகப்படியில் இருக்கிறார், எந்த ரோட்டை அடைத்திருக்கிறார்கள், கோரிப்பாளையத்தில் வண்டி போகுமா என்று குரூப் தானாக ஓடும்.

இரண்டு நாள் பேசாதவரைக் குரூப்பில் வைத்து "எங்கே ஆளையே காணோம்?" என்று கேட்காதீர்கள். தனியாக ஒரு வாய்ஸ் நோட் போடுங்கள். வீட்டில் பிரச்சினையாக இருந்தால் எல்லார் முன்னாலும் சொல்ல மாட்டார், உங்களிடம் சொல்லலாம்.

படி 5: உதவி கேட்பது

பெரும்பாலான குரூப்களில் உதவிச் செய்தி இப்படித்தான் வரும்: "அவசரம்!! ரத்தம் தேவை!! ஷேர் செய்யவும்!!" எந்த ஊர், எந்த நாள், யாருக்கு, ஒன்றும் இருக்காது. நாள் போடாத இந்தச் செய்திகள்தான் தேவை முடிந்து பல மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். நம் குரூப்பில் இப்படிக் கேட்கப் பழக்குங்கள்:

"ஓ நெகட்டிவ் ரத்தம் 2 யூனிட் வேணும். மதுரை பெரியாஸ்பத்திரி, ரத்த வங்கி. என் சித்தப்பாவுக்கு, நாளைக்குக் காலைல 9 மணிக்கு ஆபரேஷன். இன்னைக்குச் சாயங்காலம் 5 மணிக்குள்ள வந்தாப் போதும். ஆஸ்பத்திரில என் தம்பி இருக்கான், அவன் நம்பர் கீழே. கிடைச்சதும் இங்கேயே சொல்லிர்றேன்."

என்ன வகை, எத்தனை, எந்த இடம், எப்போதைக்குள், யாரிடம் பேச வேண்டும் என்று எல்லாம் இதில் இருக்கிறது. படிக்கிறவர் மறுகேள்வி கேட்காமல் வண்டியை எடுக்கலாம். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரத்தம் கிடைத்ததும் "கிடைச்சிருச்சு, யாரும் கிளம்ப வேணாம்" என்று போடுங்கள். பழைய செய்தியை அட்மின் எல்லாருக்கும் சேர்த்து அழித்துவிடட்டும். அழிக்காவிட்டால் அதை யாராவது வேறு குரூப்புக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு வாரம் கழித்தும் அந்தத் தம்பிக்கு போன் வந்துகொண்டிருக்கும்.

யார் யார் என்ன ரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த பிறகு ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். ரத்தம் கொடுக்கப் பணம் கேட்கிற ஆள் வந்தால் நம்பாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

ரத்தத்துக்கு மட்டுமல்ல, எல்லா உதவிக்கும் இதே முறைதான். "நல்ல வாடகை வீடு இருந்தா சொல்லுங்க" என்பதைவிட "கே.புதூர் பக்கம், கீழ்த்தளம், இரண்டு பேர், 9,000-க்குள்ள" என்றால் பதில் வரும்.

சென்னை பஸ் விடிகாலை மூன்றரைக்கு மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும் என்றால், அங்கிருந்து வீடு போய்ச் சேரும் வரை லைவ் லொகேஷன் போட்டு விடுங்கள். கால் மணி நேரம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. யாராவது ஒருவர் "பார்த்துக்கிட்டிருக்கேன்மா" என்று சொன்னால் போதும். குரூப் முழுக்கத் தெரிய வேண்டாம் என்றால் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

படி 6: உதவி செய்வது

"ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்று இருபது பேர் சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கஷ்டத்தில் இருப்பவர் யோசித்துக் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார். என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரியாஸ்பத்திரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று சுற்றிலும் இருந்து நோயாளிகளைக் கொண்டுவருவது அங்கேதான். கட்டிலில் இருப்பவரை டாக்டர், நர்ஸ் பார்த்துக்கொள்வார்கள். துணைக்கு இருக்கும் ஆளைத்தான் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். சாப்பிடப் போனால் அந்த நேரம் பார்த்து மாத்திரைச் சீட்டு கொடுப்பார்கள். குளிக்கப் போனால் ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். போனில் சார்ஜ் இருக்காது. அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்:

"மதினி, நாளைக்குக் காலைல 7 மணிக்கு இட்லியும் ஃபிளாஸ்க்ல காபியும் கொண்டு வர்றேன். நீங்க எங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சு ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் மாமா பக்கத்துல இருக்கேன்."

போகும்போது பாய், போர்வை, சார்ஜர், அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றுக்கு ஜெராக்ஸ் எடுக்கச் சில்லறை, இவ்வளவையும் ஒரு வயர் கூடையில் போட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

யார் வீட்டிலாவது சாவு என்றால் குரூப்பில் வரிசையாகக் கும்பிடும் படம் போடுவதை நிறுத்துங்கள். ஒருவர் குரூப் சார்பில் இரண்டு வரி எழுதட்டும். பக்கத்து ஏரியாக்காரர்கள் சேர்ந்து கேதம் கேட்கப் போகட்டும். மற்றவர்கள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு போன் செய்யட்டும். வீடு வெறிச்சோடிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் பேச்சுத்துணைக்கு ஆள் தேவைப்படும்.

படி 7: பணம்

கடன் கொடுக்கல் வாங்கல் குரூப்பில் வேண்டவே வேண்டாம். மருத்துவச் செலவுக்குக் கைகொடுப்பது வேறு. அப்போதும் நடுவில் ஒருவர் வசூல் செய்யாமல், பாதிக்கப்பட்டவர் அல்லது அவர் வீட்டு ஆள் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று குரூப்பில் போட வேண்டாம். இது மொய் இல்லை, நாளைக்கு நோட்டைப் புரட்டித் திருப்பிச் செய்வதற்கு. ஐம்பது ரூபாய் கொடுத்தவர் ஐயாயிரம் கொடுத்தவர் முன்னால் கூனிக் குறுகக் கூடாது.

இப்போது அந்த ஆறு இலக்க பின் விஷயம். தெரிந்தவர் நம்பரிலிருந்தே "அவசரம், ஜிபே போடுங்க, சாயங்காலம் தந்துர்றேன்" என்று வரும். அவருடைய வாட்ஸ்அப்பை வேறு யாரோ கைப்பற்றியிருப்பார்கள். அதனால் யார் பணம் கேட்டாலும் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். "தெரியாம உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்துருச்சு, அதைச் சொல்லுங்க" என்று கேட்பதும் இதே கூட்டம்தான். அந்தக் கோடை வைத்துத்தான் உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றப் பார்ப்பார்கள், பின் போட்டிருந்தால் கோடு மட்டும் போதாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

படி 8: மனசு சரியில்லை என்று ஒருவர் எழுதினால்

அறிவுரை சொல்லாதீர்கள். "இதுக்கெல்லாம் போயா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அவரோடு நெருக்கமான ஒருவர் உடனே போன் செய்து பேச்சுக் கொடுக்கட்டும், முக்கியமாகக் கேட்கட்டும். உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் தனியே விடாமல் வீட்டு ஆட்களுக்குச் சொல்லுங்கள், யாராவது நேரில் போங்கள். 14416 என்பது டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108. இந்த எண்களைக் குரூப் டிஸ்க்ரிப்ஷனிலேயே போட்டு வையுங்கள்.

படி 9: நேரில் பார்ப்பது

முதல் சந்திப்பு யார் வீட்டிலும் வேண்டாம். வண்டியூர் தெப்பக்குளம் நல்ல இடம். சாயங்காலம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள், தின்பண்டத்துக்குக் குறைவில்லை, பெண்கள் தனியாக வந்தாலும் கூச்சமாக இருக்காது. எந்த ஞாயிறு என்று குரூப்பில் ஒரு வாக்கெடுப்பு (போல்) போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பேசியே ஒரு மாதம் ஓடிவிடும். வர முடியாதவரை வற்புறுத்த வேண்டாம். போட்டோ எடுத்தால் முகம் தெரிகிற எல்லாரிடமும் கேட்டுவிட்டு ஸ்டேட்டஸில் வையுங்கள்.

படி 10: விலகுகிறவர்

சிலர் போவார்கள். இப்போதெல்லாம் குரூப்பிலிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். அதை எடுத்துக் குரூப்பில் போட்டு விசாரணை நடத்தாதீர்கள். தனியாக "நல்லா இருங்க, எப்ப வேணும்னாலும் வாங்க" என்று ஒரு வரி அனுப்புங்கள். ரத்த வகைப் பட்டியலில் அவர் பெயரும் நம்பரும் இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.