இறைச்சி மாடு வளர்ப்போரிடம் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கை முறைக் கருவூட்டல், சினைப்பருவ ஒருங்கிணைப்பு (பல பசுக்களை ஒரே நேரத்தில் பருவத்திற்குக் கொண்டுவருவது), கருமாற்றம் (ஒரு பசுவின் கருவை எடுத்து மற்றொரு பசுவின் கருப்பையில் வைப்பது) ஆகியவற்றைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டங்கள் பெரும்பாலும் எத்தனை மாடுகளுக்குச் சினை ஊசி போடப்பட்டது என்றே கணக்கெழுதுகின்றன. மாடு வளர்ப்பவரோ எத்தனை கன்றுகள் உயிரோடு பிறந்தன என்று பார்க்கிறார். மற்ற தவறுகளில் பலவும் இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

அவற்றுள் பெரியது, பசுவின் உடல்நிலையைக் கவனிக்காமல் கருவூட்டலைத் தொடங்குவது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். ஆகவே ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், ஈன்ற 82 நாட்களுக்குள் அது மீண்டும் சினை பிடித்தாக வேண்டும். இறைச்சி மாட்டின் கன்று தாயுடனேயே இருந்து பால் குடிப்பதால் சினைப்பருவம் திரும்புவது இயல்பாகவே தாமதமாகும்; பசு மெலிந்தும் இருந்தால் பல மாதங்கள் பருவத்திற்கே வராது. மிக மெலிந்ததற்கு 1, மிகக் கொழுத்ததற்கு 9 எனத் தரும் உடல்நிலை மதிப்பெண்ணில் ஈனும்போது 5 ஆவது இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஈன்ற பின் எடையை மீட்பது கடினம் என்பதால், சினையின் கடைசி மூன்று மாதங்களிலேயே தீவனத்தைச் சரிசெய்ய வேண்டும். தீவனத்திற்கு வழியில்லாத காலத்தில் ஊசித் திட்டத்தைத் தள்ளிவைப்பதே நேர்மையானது என்று நான் கருதுகிறேன். கிடேரிகளும் வளர்ந்த பசுவின் எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காட்டை எட்டிய பிறகே தகுதி பெறுகின்றன.

அடுத்த தவறு, கறவை மாட்டுப் பண்ணையின் முறையை அப்படியே மேய்ச்சல் மந்தைக்குக் கொண்டுவருவது. கறவைப் பசு நாள்தோறும் கறவையின்போது கண்ணில் படுகிறது. மேய்ச்சலில் இருக்கும் பசு அப்படிப் படுவதில்லை. பருவம் ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். திமிலுள்ள இனங்களில் அது இன்னும் குறுகியதாகவும், பெரும்பாலும் இரவில் வருவதாகவும் இருக்கும். மற்றொரு மாடு தாவும்போது அசையாமல் நிற்பதே உறுதியான அறிகுறி. காலையில் அதைக் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்ட வேண்டும். இப்படிக் கவனிக்க ஆளில்லாத இடத்தில், ஹார்மோன் கொடுத்துக் குறித்த நேரத்தில் கருவூட்டும் முறை பொருந்தும். ஆனால் அதில் ஒரு நாள் தவறினாலும் முழுச் செலவும் வீணாகிவிடும். அதைவிட முக்கியமானது, சினைப் பரிசோதனை செய்யாமல், பருவத்தை வரவழைக்கும் ஹார்மோனான புரோஸ்டாகிளாண்டின் போடக்கூடாது என்பது. ஏற்கெனவே சினையாக உள்ள பசுவுக்கு அது கருச்சிதைவை உண்டாக்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைக் கையாளக்கூடாது என்பதையும் பயிற்சியில் சொல்லியாக வேண்டும்.

உறைவிந்துக் குச்சிகள், அதாவது உறையவைத்த விந்து அடைத்த மெல்லிய குழாய்கள், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டியவை. கலன் வற்றினாலோ, குச்சியைத் தேடும்போது கலனின் கழுத்துக்கு மேலே சில நொடிகள் அதிகமாக வைத்திருந்தாலோ உயிரணுக்கள் சேதமடையும். சேதமடைந்த குச்சியைப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. நைட்ரஜன் தவறாமல் வந்துசேரும் வழியை உறுதிசெய்யாமல் கலன்களை மட்டும் வழங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

வளர்ப்போரிடம் மிகையான நம்பிக்கை கொடுப்பதும் கேடு. நன்கு பராமரித்த மந்தையிலும் ஒருமுறை கருவூட்டினால் ஏறத்தாழப் பாதிப் பசுக்களே சினை பிடிக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாலினம் பிரித்த விந்தில் விரும்பிய பாலினக் கன்று ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும் என்று சொல்பவர்கள், அதில் சினை பிடிக்கும் விகிதம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடை கூடும் என்ற ஆசையில் பேரினக் காளையின் விந்தைச் சிறிய கிடேரிக்குப் பயன்படுத்தினால், ஈனும்போது தாயும் கன்றும் சேர்ந்தே இறக்க நேரிடலாம். எளிதில் ஈன வைக்கும் காளைகளின் விந்து கைவசம் இல்லையென்றால் கிடேரிகளை விட்டுவிடுவதே நல்லது.

பயிற்சிக்கு வீட்டுத் தலைவரை மட்டும் அழைப்பதும் வழக்கமான பிழை. நாள்தோறும் மாட்டோடு இருக்கும் பெண்களும் மேய்ப்பவர்களுமே பருவத்தை முதலில் காண்பவர்கள்.

கருமாற்றத்தைத் தொடக்கத்திலேயே காட்டி வியக்கவைக்க வேண்டியதில்லை. கருவைத் தரும் கொடைப்பசுவும் அதைச் சுமக்கும் பெறும்பசுவும் ஒரு நாள் வேறுபாட்டிற்குள் ஒரே பருவநிலையில் இருந்தால்தான் 7 நாள் கருவை மாற்றிவைக்க இயலும். கருவூட்டிய நாளையும் 30 முதல் 45 நாட்களில் செய்த சினைப் பரிசோதனையின் முடிவையும் வளர்ப்பவரின் சொந்தக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் வேரூன்றாத ஊரில், அந்த அளவு துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது.