தைனான் கன்ஃபூசியஸ் கோயிலுக்கு போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

தைவான் போறவங்க நிறைய பேரு தைனான் நகரத்துல, பழங்கால சீன ஆசான் கன்ஃபூசியஸுக்கு கட்டின கோயில்ல செவப்பு சுவர் முன்னாடி நாலு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடறாங்க, பாக்கவே மனசுக்கு கஷ்டமா இருக்குங்க. டச்சுக்காரங்கள விரட்டின கோஷிங்காவோட பையன் செங் சிங் ஆட்சியில, சென் யுங்ஹுவாங்கற அதிகாரி எடுத்துச் சொல்லி 1665ல ஆரம்பிச்சது, தைவான்லயே முதல் கன்ஃபூசியஸ் கோயில், கூடவே பள்ளிக்கூடமும் அதுதான்.

மத்த தைவான் கோயில் மாதிரி ஊதுபத்தி புகையும் சாமி சிலையும் இருக்கும்னு நெனச்சுட்டு போய் "இங்க ஒண்ணுமே இல்லையே"ன்னு திரும்பறதுதான் பெரிய தப்பு. தாசெங்ங்கற முக்கிய மண்டபத்துல நடுவுல இருக்கறது கன்ஃபூசியஸ் பேர் எழுதின மரப்பலகைதான். 1530லயே சீனாவ ஆண்ட மிங் வம்சத்து பேரரசர் சிலைகள எடுத்துட்டு பலகை வைக்க சொல்லிட்டாரு, ஆசான கடவுளாக்கிடக் கூடாதுன்னு ஒரு எண்ணம், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. அங்க நின்னு தலைய நிமிர்த்தி மேல பாருங்க, மிங்குக்கு அப்புறம் சீனாவ ஆண்ட சிங் வம்சத்துல காங்சி பேரரசர்ல இருந்து குவாங்சு பேரரசர் வரைக்கும் எட்டு பேர் குடுத்த, புகழ் வாசகம் எழுதின பலகைங்க வரிசையா தொங்குது, அதுக்கப்புறம் வந்த ஜனாதிபதிங்களோடதும் இருக்கு. வாசப்படிய மிதிக்காம தாண்டிப் போங்க.

அடுத்தது, டிக்கெட் வாங்கிப் பாத்த தாசெங் மண்டபத்தோட முடிச்சுக்கறது. மேற்கு பக்கம்தான் கோயில், கிழக்கு பக்கம் மிங்லுன் மண்டபம், பசங்க உக்காந்து படிச்ச இடம், அத விட்டா பாதிய விட்ட மாதிரி. பக்கத்துல வென்சாங் மாடம், மூணு அடுக்கு, கீழ சதுரம், நடுவுல வட்டம், மேல எட்டுப்பட்டை, வென்சாங் படிப்புக்கான தெய்வம், அதனால பரீட்சை எழுதற பசங்களுக்கு இது முக்கியமான இடம்.

வாசல் கிட்ட ஒரு கல்வெட்டு இருக்கு, 1687ல வச்சது, அதிகாரியோ சிப்பாயோ சாதாரண ஜனமோ யாரா இருந்தாலும் இங்க குதிரைய விட்டு இறங்கணும்னு சீனத்துலயும், சிங் அரசர்களோட மஞ்சு மொழியிலயும் வெட்டியிருக்கு, நிறைய பேரு அத கவனிக்காமலே உள்ள நடந்துடறாங்க.

செப்டம்பர் 28 கன்ஃபூசியஸ் பொறந்தநாள், அங்க அதுதான் ஆசிரியர் தினம். அன்னிக்கு அவருக்கு மரியாதை செய்யற சடங்கு விடியக்காலையிலயே நடக்கும், பத்து மணிக்கு மேல எழுந்து வந்தா ஒண்ணும் பாக்க முடியாது, அதனால முந்தின நாளே தைனான் வந்து தங்கிடுங்க.