சியாங் மாயில் ஒரு நாள்: பகலில் ராஃப்டிங், இரவில் சந்தைச் சாப்பாடு

வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போகிறவர்கள் ஒரே நாளில் முடிக்கக்கூடிய ஜோடி இது: பகலில் மே தேங் ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகில் துடுப்பு போட்டு ஆற்று அலைகளைத் தாண்டிப் போவது), பொழுது சாய்ந்ததும் சந்தையில் சாப்பாடு. விசா, விமானம், அறை பற்றியெல்லாம் இதில் எழுதவில்லை. சியாங் மாய் வந்து சேர்ந்துவிட்டீர்கள், நாளை காலை வேன் வரப்போகிறது என்று வைத்துக்கொண்டு படியுங்கள். மாதத்தைப் பற்றி மட்டும் டிக்கெட் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும், அதனால் அது முதலில்.

எந்த மாதம்

ஜூலை முதல் அக்டோபர் வரை மழைத்தண்ணீர். ஆறு செம்மண் நிறத்தில் வேகமாக ஓடும், அலைகள் மூன்றாம் நான்காம் தரத்துக்கு ஏறும். (தரம் ஒன்றிலிருந்து ஆறு வரை, ஆறு என்றால் கிட்டத்தட்ட யாரும் இறங்கக் கூடாதது.) பெருமழை பெய்தால் அன்றைய பயணத்தையே ரத்து செய்வார்கள், அடுத்த நாளைக் காலியாக வைத்திருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தண்ணீர் மிதமாக இருக்கும், கொஞ்சம் குளிரும். முதல்முறை இறங்குகிறவர்களுக்கு என் ஓட்டு இந்த மாதங்களுக்குத்தான்.

நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. சிக்கலே அதுதான். அப்போது ஆறு வற்றி, படகு பாறையில் உரசி உரசி நிற்கும். இறங்கித் தள்ளவும் நேரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிக்கும் புகை வேறு ஊரை மூடியிருக்கும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் தாய் புத்தாண்டுப் பண்டிகை. ஆற்றுக்குப் போகாமலே தெருவில் நனைந்துவிடலாம், ஆனால் வண்டி நகராது.

பதிவு செய்யும்போது

விளம்பரத்தில் ‘ராஃப்டிங்’ என்று இருந்தால் எந்த ராஃப்டிங் என்று கேளுங்கள். யானை, அருவி, மலைக்கிராமம் எல்லாம் சேர்த்து விற்கும் ஒருநாள் பேக்கேஜ்களில் பெரும்பாலும் வருவது மூங்கில் தெப்பம். அமைதியான தண்ணீரில் மெல்ல மிதந்து போவது. குழந்தைகளுக்கு நல்லது, ஆனால் அலையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார். உங்களுக்கு வேண்டியது காற்றடைத்த ரப்பர் படகில் போகும் ‘ஒயிட் வாட்டர் ராஃப்டிங்’.

அடுத்து இவற்றைக் கேளுங்கள்: இன்று தண்ணீர் எப்படி இருக்கிறது? படகுகளோடு மீட்புக்கு ஒரு கயாக் (ஒருவர் ஓட்டும் சின்னப் படகு) வருமா? ஒரு படகில் எத்தனை பேர்? விபத்துக் காப்பீடு சேர்த்தியா? முதல் கேள்விக்கு ‘எப்போதும் சூப்பர்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். நல்ல ஆள் நேற்றைய மழையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். நீச்சல் தெரியாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தண்ணீர் ஏறியிருக்கும் நாளில் உங்களை ஏற்றமாட்டார்கள், அது நல்லதுதான். மதியச் சாப்பாடு சைவமாக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும், ஆற்றங்கரையில் போய்ச் சொன்னால் வெறும் சோறும் தர்பூசணியும்தான் கிடைக்கும்.

ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேன் பயணம், கடைசிப் பகுதி மலை வளைவு. வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையை வேன் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பு

பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, குளிரும். பாலியெஸ்டர் டி-ஷர்ட்டும், ஷார்ட்ஸ் அல்லது லெகிங்ஸும் போதும். துப்பட்டாவை வேனிலேயே விட்டுவிடுங்கள். ஜீன்ஸ் போட்டு வந்தவரைப் பார்த்தால் கைடு சிரிப்பார், மாலையில் தொடை எரியும்போது காரணம் புரியும்.

காலுக்கு, கயிறு கட்டும் பழைய கேன்வாஸ் ஷூ. கடையில் ‘வாட்டர் ஷூ’ என்று விற்கும் மெல்லிய அடிப்பாக வகை எனக்குப் பிடிக்காது. கூழாங்கல்லில் நடந்தால் பாதம் வலிக்கும். குதிகாலில் பட்டை இருக்கும் சாண்டலும் பரவாயில்லை. ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே ஆற்றோடு போய்விடும்.

கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் போன் உறையை வாங்காதீர்கள். கயிறு எதிலாவது மாட்டினால் கழுத்தை இழுக்கும். போனை வேனிலேயே வைத்துவிடுவது உத்தமம். பாஸ்போர்ட் அறைப் பெட்டகத்தில் இருக்கட்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். தாலிச் செயினைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் விட்டு, மேலே லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொள்ளலாம். கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்கம் கட்டும் கயிறு இல்லாமல் வராதீர்கள்.

சன்ஸ்க்ரீனை நெற்றியில் அப்பினால் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். தொடையின் பின்பக்கம் தடவினால் ரப்பர் மேல் உட்கார முடியாமல் வழுக்கும். மூக்கு, கன்னம், காது, பின்கழுத்து, கை. அவ்வளவு போதும்.

லைஃப் ஜாக்கெட்

கொக்கிகளை மாட்டிவிட்டு, பட்டைகளை இடுப்பிலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள், தோள்பட்டை கடைசி. பிறகு பக்கத்தில் இருப்பவரை இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். நீங்கள் விழுந்தால் உங்களைப் படகுக்குள் இழுப்பவர் கையைப் பிடித்து இழுக்கமாட்டார், இந்தத் தோள்பட்டைகளைத்தான் பிடிப்பார். தளர்வாக இருந்தால் ஜாக்கெட் மட்டும் மேலே வரும். நனைந்ததும் பட்டைகள் கொஞ்சம் தளரும், முதல் அலை தாண்டியதும் மறுபடி இறுக்குங்கள்.

காலில்தான் இருக்கிறது

பயிற்சி கொடுக்கும் பத்து நிமிடத்தில் எல்லோரும் துடுப்பைத்தான் கவனிப்பார்கள். காலைப் பற்றி கைடு ஒரு வரி சொல்வார், அது காதில் விழாது. முதல்முறை போகிறவர் தண்ணீரில் விழுவது பெரும்பாலும் கால் பிடிமானம் இல்லாமல்தான்.

படகின் உள்ளே உட்காரக் கூடாது. வெளிவிளிம்புக் குழாயின் மேல், பாதி இடுப்பு ஆற்றின் பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். பயமாக இருக்கும். உள்ளே நகர்ந்தால் துடுப்பு தண்ணீரை எட்டாது. படகின் குறுக்கே காற்றடைத்த குழாய்கள் இருக்கும். முன்காலின் பாதத்தை உங்களுக்கு முன்னால் இருக்கும் குழாயின் அடியில் செருகுங்கள். சில படகுகளில் அதற்கென்று தரையில் ஒட்டிய பாக்கெட் இருக்கும். பின்காலைப் பின்னால் இருக்கும் குழாயின் அடியில் செருகுங்கள். விரல்களும் பாதத்தின் முன்பாதியும் மட்டும் உள்ளே போனால் போதும், கணுக்கால் வரை திணித்தால் விழும்போது கழற்ற முடியாது. கரையிலேயே இப்படி உட்கார்ந்து, கைகள் இரண்டையும் தூக்கிவிட்டு, வெளிப்பக்கம் சாய்ந்து பாருங்கள். கால் மட்டுமே தாங்கினால் சரி.

துடுப்பின் உச்சியில் ‘டி’ வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியிருக்க வேண்டும். அதை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும், நிஜமாகவே. வெளிப்பக்கக் கை தண்டின் கீழே. கையால் இழுக்காமல் இடுப்பிலிருந்து முன்னே குனிந்து, பின்னே சாய்ந்து வலியுங்கள். இதைச் செய்யாதவருக்கு மறுநாள் தோள் தூக்க முடியாது.

பெரிய அலை வந்ததும் எல்லோரும் துடுப்பை வெளியே எடுத்துவிட்டு உள்ளே குனிவார்கள். அதே நொடியில் படகு வேகம் இழந்து பக்கவாட்டில் திரும்பும், அலை விளிம்பைத் தூக்கும். ‘ஃபார்வர்ட்’ என்றால் அலைக்குள்ளேயும் வலிக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பே உங்களுக்கு ஊன்றுகோல். ‘கெட் டவுன்’ என்று கேட்டால் மட்டும் உள்ளே சரிந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஓரக்கயிற்றையும் மறு கையால் ‘டி’ பிடியையும் பிடியுங்கள். கைடுகளின் ஆங்கிலம் ஆற்றுச் சத்தத்தில் விளங்காது, கட்டளைகளை அவர் வாயிலிருந்தே கரையில் இரண்டு முறை கேட்டுவிடுங்கள்.

விழுந்தால்

மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு ஓடும் திசையில், கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி. முழங்கால் ஆழத்துக்கு வரும்வரை எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னால் வரும் ஓட்டம் உங்களைக் குப்புறத் தள்ளும், இடுப்பளவுத் தண்ணீரிலும் அப்படி மூழ்கியவர்கள் உண்டு. மீட்புக் கயிறு ஒரு பையோடு வீசப்பட்டு வரும், பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, மல்லாந்தபடியே இருங்கள். கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. படகுக்கு அடியில் மாட்டினால் இரண்டு கைகளாலும் அடிப்பாகத்தைத் தள்ளிக்கொண்டே ஒரே திசையில் நகருங்கள்.

விழுந்து கிடக்கும் மரமோ மூங்கில் புதரோ எதிரே வந்தால் மட்டும் விதி தலைகீழ். குப்புறத் திரும்பி, தலை முன்னே வர நீந்திப்போய், அதன் மேலே ஏற வேண்டும். மல்லாந்து போனால் கிளைகளுக்கு அடியில் ஓட்டம் இழுத்துவிடும்.

சந்தை

அறைக்குத் திரும்ப மாலை ஐந்து ஆகலாம். குளித்து, ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கிழமையைப் பார்த்து இடத்தை முடிவு செய்யலாம். ஞாயிறு என்றால் பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பேயில் தொடங்கும் ராட்சதாம்னோன் சாலை. சனி என்றால் வுவா லாய் சாலை. மற்ற நாளில் பழைய நகரத்தின் வட வாசலான சாங் புவாக். சாங் க்லான் சாலையின் நைட் பஜார் தினமும் உண்டு, ஆனால் அது டி-ஷர்ட் வாங்கும் இடம். சாப்பாட்டுக்கு என் வாக்கு சாங் புவாக்குக்கு. ஞாயிறு சந்தையில் ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலிக்கும், கூட்டம் முழுக்க நின்ற இடத்தில் அப்படியே நிற்கும். நீங்களும் நில்லுங்கள், கையில் இருப்பதை மெல்லக் கூடாது.

ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம், அதனால் ஒரே தடவையில் எடுங்கள். வருவது 1000 பாட் நோட்டாக இருக்கும், அதைச் சந்தைக்கு முன்பே செவன்-லெவன் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ராஃப்டிங் பசியில் முதல் கடையிலேயே ஒரு தட்டு பாட் தாய் (வதக்கிய அரிசி நூடுல்ஸ்) முழுதாகச் சாப்பிட்டால் இரவு அங்கேயே முடிந்தது. பாட் தாய் எங்கும் கிடைக்கும். இங்கே சாப்பிட வேண்டியது காவ் சோய்: தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ். பக்கத்தில் வரும் கடுகுக்கீரை ஊறுகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கலந்துவிடுங்கள். பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு சாய் உவா (எலுமிச்சைப்புல் மணக்கும் தொத்திறைச்சி), காவ் கா மூ (வெந்து குழைந்த கால்கறியும் சோறும்). இருவருக்கு ஒரு தட்டு என்று பகிர்ந்தால் ஐந்து கடை பார்க்கலாம். பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாமில் மிளகாய் ஒன்று போதும் என்றால் ‘ப்ரிக் மெட் தியாவ்’. ‘பூ ப்லா ரா’ வகையை முதல் நாளில் தொடாதீர்கள், அதில் உப்பு நண்டும் புளித்த மீனும் சேரும்.

சைவர்களும் ஹலால் தேடுகிறவர்களும்

‘வெஜிடேரியன்’ என்றால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாஸை ஊற்றித் தருவார்கள். ‘கின் ஜே’ (சுத்த சைவம் சாப்பிடுகிறேன்) என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் அந்த வகை, அங்கே பூண்டு வெங்காயமும் கிடையாது. மற்ற கடையில் ‘மாய் சாய் நாம் ப்லா’ என்றால் மீன் சாஸ் வேண்டாம். காவ் சோய் மசாலாவில் பெரும்பாலும் இறால் விழுது அரைத்திருப்பார்கள், அதை நீக்கித் தர முடியாது. ஜே கடையின் காவ் சோய்தான் வழி.

மாமிசத்தில் எது என்று அறிய மூன்று சொல் போதும்: மூ பன்றி, நுவா மாடு, கை கோழி. முட்டைக்கும் நம் காதுக்குக் ‘கை’ என்றேதான் கேட்கும், ஆகவே முட்டை வேண்டாம் என்பதை விரலால் காட்டிச் சொல்லுங்கள். வாழைப்பழ ரோட்டீ கடையில் இது கட்டாயம், பேசாமல் நின்றால் முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள். ஹலால் வேண்டுமானால் நைட் பஜாருக்குப் பக்கத்தில் பான் ஹோ பள்ளிவாசல் தெருவில் சீனாவின் யுன்னானிலிருந்து வந்த முஸ்லிம்களின் காவ் சோய் கடைகள் உண்டு. ஆனால் அவை பகல் கடைகள், மாலைக்குள் மூடிவிடும். ராஃப்டிங் நாளில் எட்டிப்பிடிக்க முடியாது, மறுநாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.