நெப்போலியன் போர்கள்: அறிமுக நூலைச் சோதிக்க ஒரு போர் போதும்

நெப்போலியனின் போர்களைப் பற்றி அறிமுக நூல் வாங்குமுன், முன்னுரையை விட்டுவிட்டு, 1805 டிசம்பர் 2 அன்று நடந்த ஆஸ்டர்லிட்ஸ் போர் வரும் பக்கங்களை நேரே திறந்து, பிராட்சென் மேடும் கோல்ட்பாக் ஓடையும் குறிக்கப்பட்ட வரைபடம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். தன் வலப்பக்கம் பலவீனமாக இருப்பதுபோல் காட்டி, ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை அந்த மேட்டிலிருந்து இறங்கவைத்து, ஆள் குறைந்த மேட்டை நடுவில் ஏறிப் பிடித்ததே அவருடைய உத்தி என்பதால், வரைபடம் இல்லாத நூலில் புதிய வாசகருக்குப் பெயர்கள் மட்டுமே மிஞ்சும். வியன்னாவிலிருந்து விரைந்து வந்த, நெப்போலியனின் தளபதி தாவூவின் படை அந்த வலப்பக்கத்தைத் தாங்கியதை நூல் சொல்கிறதா என்பதும் முக்கியம்.

அடுத்து, தோற்றோடியவர்கள் சாட்சன் குளத்தின் பனிக்கட்டி உடைந்து மூழ்கிய பகுதியைப் படியுங்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்ததாக நெப்போலியனின் போர் அறிக்கை சொன்னது. பின்னர் குளத்தை வடித்தபோது கிடைத்த உடல்கள் மிகச் சிலவே. அறிக்கையின் கணக்கை ஐயமின்றித் திருப்பிச் சொல்லும் நூல், மற்றப் போர்களிலும் வென்றவரின் வாய்மொழியையே நம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

சட்டத் தொகுப்பு, ஆட்சிமுறை, குடும்பம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட வாழ்க்கை வரலாறுகளுக்கும், 1808இல் தொடங்கிய ஸ்பெயின் போரை மட்டும் பேசும் நூல்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது.